லகரத்துக்கு ஒரு பெயர்

அக்காள் வீட்டில் சாயங்கால ஜெபம் முடிந்து வேதபுத்தகத்தை மூடியதும் பெயர் விளையாட்டு தொடங்கும். சத்தமில்லாத விளையாட்டு. சீட்டும் தாயமும் பிசாசின் வேலை என்று விலக்கப்பட்ட வீடு அது. வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஒருவர் வேதத்தில் வரும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அது எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரை அடுத்தவர் சொல்ல வேண்டும். ஆதாம் என்றால் மகரம். மோசே என்று சொல்லலாம். மோசே என்றால் சகரம். சவுல், சாமுவேல், சாலொமோன் எது வேண்டுமானாலும் சொல்லலாம். தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகளுக்கும் வழி வைத்திருந்தார்கள். 'ன்' என்று முடிந்தால் நகரம். 'ள்' என்று முடிந்தால் லகரம். ஒருமுறை சொன்ன பெயரை மறுபடி சொல்லக்கூடாது. பத்து எண்ணுவதற்குள் சொல்லாதவர் வெளியே போக வேண்டும்.

ஆளைக் கவிழ்க்க இந்த 'ள்' போதும். வேதத்தில் வரும் பெண்களின் பெயர்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிகின்றன. சாராள், அன்னாள், மரியாள். ஆனால் லகரத்தில் தொடங்கும் பெயர்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒருவரை விழத்தட்ட நினைத்தால் வரிசையாகப் பெண் பெயர்களாகச் சொல்லிக்கொண்டு வந்தால் ஆயிற்று.

முதலில் விழுகிறவருக்கு இரண்டு தண்டனை உண்டு. அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கோடு மீன் துண்டு கிடையாது, குழம்பு மட்டும். மறுநாள் முழுவதும் வேதத்தில் உள்ள ஒரு கெட்ட பெயரால்தான் அவரை அழைப்பார்கள். காயீன், யூதாஸ், யேசபேல். தினமும் விழுந்தது அக்காள்தான். நான் அங்கே போன முதல் வாரத்தில், நாலு வயதான மூத்த பெண், "யேசபேலே, எனக்கு வெள்ளம் தா" என்று தன் தாயிடம் தண்ணீர் கேட்டது. அக்காள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் யாரும் அதற்குச் சிரிக்கவுமில்லை, பிள்ளையை அதட்டவுமில்லை. பழகிவிட்டது.

நான் இலங்கைத் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு வந்திருந்தேன். மண்ணீரல் வீங்கி வயிறு ஒரு பக்கம் கல் மாதிரி இருந்தது. வேறு போக இடம் இல்லை. கருங்கலுக்கு மேற்கே, மிஷன் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீடு. அத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்கு இடது கால் சூம்பியது. படித்த வீட்டில் யாரும் பெண் கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத என் அக்காள் அந்த வீட்டுக்குப் போக முடிந்தது. அதை அத்தானின் தாயார் ஒரு நாளும் மறந்தவரில்லை. அவர் சின்ன வயதில் வெள்ளைக்கார மிசியம்மாளின் போர்டிங்கில் வளர்ந்தவர். வேதத்தில் எந்த ராஜாவுக்கு எந்தப் பெண்டாட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அத்தானின் தங்கச்சியும் அங்கே இருந்தாள். ஏழாம் வகுப்பு வரை படித்து, கல்யாணத்துக்குக் காத்திருந்தவள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரில் ஒருவரைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிந்தது. என்னை அனுப்பினார்கள். நான் நாலாம் வகுப்பில் ஓடிப்போனேன். அக்காள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

நான் போய் மூன்றாவது மாதம் அக்காளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். எங்கள் பக்கத்தில் மூத்த பெண்ணுக்குத் தகப்பனின் தாயார் பெயரையும், இரண்டாவது பெண்ணுக்குத் தாயின் தாயார் பெயரையும் போடுவது வழக்கம். மூத்தவளுக்கு மாமியாரின் பெயரைப் போட்டாயிற்று. முறைப்படி இவளுக்கு எங்கள் அம்மையின் பெயரைப் போட வேண்டும். அதுவும் வேதத்தில் உள்ள பெயர்தான். ஆனால் அம்மை கடைசிக் காலத்தில் வைசூரி கண்டு கிடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று முத்தாரம்மன் கோயிலில் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். சபையில் பெயரை வெட்டிவிட்டார்கள். பிழைக்கவுமில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் தராமல் ஓடைக்கரையில் புதைத்தோம். மழையில் கரை இடிந்தது. இப்போது இடமும் தெரியாது.

அக்காளுக்கு மீதி இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அது இந்தப் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த வீட்டில் அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"சபை வெட்டின பேர எம் மகனுக்க பிள்ளைக்கா?" என்றார் மாமியார். "நாளைக்கு அதுக்கும் ஒரு ஓடக்கர பாத்து வைக்கணும்."

"முறை அதானே மாமி?" என்றாள் அக்காள்.

"முறையப் பத்தி நீ பறையாத."

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அக்காள் சண்டை போடவில்லை, ஆனால் விடவுமில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகும் காலையும் மாலையும் அதையே கேட்டாள். அத்தானுக்கு அலுத்துவிட்டது. அவர் கெட்டவரில்லை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வேண்டும் அவருக்கு. ஒருநாள் சாப்பிடும்போது தீர்ப்புச் சொன்னார்.

"வேதத்துல சீட்டுப் போட்டுத் தீர்த்திருக்காவ. நம்மொ வெளையாடித் தீர்ப்போம். ஞானஸ்நானத்துக்கு முந்தின சனியாழ்ச்ச சாயங்காலம் யாரு கடைசியா நிக்காவளோ, அவிய பேரு போடட்டு. பொறவு யாரும் ஒண்ணும் பறையப்பிடாது."

மாமியார் தலையைக் குனிந்து கிழங்கைப் பிசைந்தார். அவருடைய மகள், "மைனி, இப்பளே தோத்தாச்சுண்ணு எழுதிக் குடுத்துருங்க. வெளக்குக்கு எண்ணெயாவது மிச்சம்" என்றாள்.

அக்காள், "செரி" என்றாள்.

மூன்று வாரம் இருந்தது. அக்காள் வீட்டுச் செலவுக்காக லேஸ் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் உருண்டைத் தலையணை. அதில் ஊசிகள் குத்தியிருக்கும். நூல் சுற்றிய மரக்குச்சிகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடுவாள். பகலில் மாமியார் தூங்கும் நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வேதபுத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துப் பெயர் பொறுக்குவேன். ஒரு பெயர் சொன்னால் அவள் ஒரு ஊசி குத்தி அதைத் திருப்பிச் சொல்வாள். அடுத்த நாள் அந்தப் பின்னலைத் தடவியே முதல் நாள் சொன்ன பெயர்களை வரிசையாகச் சொன்னாள். எனக்கே திகைப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரை அனுப்பியிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன?

லகரத்தைத்தான் அதிகம் தேடினோம். லேயாள், லாபான், லோத்து, லேவி, லாமேக்கு, லாசரு, லூக்கா, லீதியாள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. யாருக்கும் தோன்றாத ஒன்று வேண்டும் என்றாள் அக்காள். இரண்டு நாள் தேடி, பன்னிரண்டு சீஷர்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடத்தில் ஒன்றைப் பிடித்தேன். ததேயு என்று எல்லோரும் சொல்கிற சீஷருக்கு இன்னொரு பெயர் இருந்தது. லெபேயு.

அக்காள் அதைச் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் 'லெப்பேயு' என்று வந்தது. நான் திருத்தினேன். மறுபடியும் அப்படியே வந்தது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இத கடைசிக்கு வச்சிருக்கேன் மக்கா" என்றாள். சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். லோவிசாள் என்று ஒரு பெயர் இருப்பது என் கண்ணில் படவில்லை.

இதற்கிடையில் எனக்குக் காய்ச்சல் இறங்கியது. அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். மருந்து கலக்க உதவிக்கு ஆள் கேட்டிருந்தார். அத்தான் என்னை அனுப்பச் சம்மதித்துக் கடிதம் எழுதத் தொடங்கினார். வெயிலில் முதுகு குனிந்து கொழுந்து பறித்துவிட்டு வந்தவனுக்குக் கூரைக்குக் கீழே நிற்கிற வேலை என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடிதம் பாதி எழுதியபடி மேஜையில் வேதபுத்தகத்துக்கு அடியில் இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. முடிந்ததும் அத்தான் அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுப் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கை தட்டுவதற்குச் சிலேட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டார். நாங்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். வழக்கமாக அக்காளுக்கு முன்னால் சொல்கிறவன் நான். என்னால் முடிந்த அளவு சுலபமான எழுத்தாக அவளிடம் தள்ளிவிடுவேன். மாமியார் அதைக் கவனித்திருக்கிறார்.

"நீ அங்க மாறி இரி" என்று என்னை எழுப்பிவிட்டு, அக்காளுக்கு முன் இடத்தில் அவர் உட்கார்ந்தார். "எனக்கு இஞ்சதான் காத்து வருது."

முதல் சுற்றுகளில் லூக்காவும் லேவியும் லாமேக்கும் செலவாயின. அத்தானின் தங்கச்சி ஏற்கெனவே சொன்ன ஏசாவை மறுபடி சொல்லிவிட்டு வெளியேறினாள். பிறகு எனக்கு ரகரம் வந்தது. ரூபன், ரூத், ராகேல் எல்லாம் சொல்லியாயிற்று. ரெபெக்காள் எப்படி மறந்துபோனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்து எண்ணி முடித்தார். அக்காள், நான் வேண்டுமென்றே விழுந்து அவளுக்கு வழிவிட்டேன் என்று நினைத்தாள். நன்றியோடு என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.

இருவர்தான் மிச்சம்.

"மார்த்தாள்" என்றார் மாமியார்.

"லேயாள்." அக்காள் அதே எழுத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அம்மோ!" என்றாள் அத்தானின் தங்கச்சி. "மைனிக்குப் பல்லு முளைச்சாச்சு."

"லீதியாள்" என்றார் மாமியார், முகம் அசையாமல்.

"லாபான்."

"நாமாள்."

"லோத்து."

"தெபொராள்."

"லாசரு."

"ரெபெக்காள்."

மாமியார் கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். இதோடு முடிந்தது என்ற நினைப்பு. அத்தான் ஒன்று, இரண்டு என்று தட்டத் தொடங்கினார். அக்காள் அவசரப்படவில்லை. மூன்றாவது தட்டில் நிமிர்ந்தாள்.

"லெப்பேயு."

"என்னது?"

"லெப்பேயு."

அத்தானின் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. "லெப்பையா? அம்மா, கோட்டாத்துல அத்தர் விக்கியாரே, அந்த லெப்பைய மைனி வேதத்துல சேத்தாச்சு!"

"தேங்காப்பட்டணத்து லெப்பையா இருக்கும்" என்றார் மாமியார். "மீன் வாங்கப் போன எடத்துல பாத்திருப்பா."

"லெப்பையில்ல மாமி. பன்னிரண்டு சீஷருல ஒருத்தரு."

"பாத்தியாட்டி!" என்றார் மாமியார் மகளிடம். "பேதுரு, யோவான், லெப்பை! தொப்பி வச்சிருந்தாரா பிள்ளே அவரு? ஞாயிறாழ்ச்ச கோயிலுக்கு வருவாரா, இல்ல வெள்ளியாழ்ச்ச பள்ளிக்குப் போவாரா?"

அத்தானும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நாலு தட்டினார். அக்காளின் கழுத்து சிவந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பிதான் வாசிச்சுச் சொன்னான். ஏலே, சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் தட்டுவதை நிறுத்தினார். அவருடைய இடது கை மூடிய புத்தகத்தின் மேல் இருந்தது. அதற்கு அடியிலிருந்து என் கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது.

"உண்டா தம்பி, அப்பிடி ஒரு பேரு?" என்று கேட்டார். மிகவும் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கண் என் மேல் இல்லை. அவருடைய தாயார் மேல் இருந்தது.

அவருக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. அக்காளுக்கு எது வேண்டும் என்பதும் தெரியும். அந்தப் பெயரை அச்சில் தொட்டு வாசித்த விரல் என்னுடையது.

"நல்ல ஓர்மை இல்ல அத்தான்" என்றேன்.

அவர் ஐந்து தட்டினார். ஆறு.

"புஸ்தகத்தத் தொறந்து பாருங்க" என்றாள் அக்காள். அவள் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "அதுலதானே இருக்கு. தொறந்து பாருங்க!"

"வெளையாட்டுக்கு வேதத்தத் தொறக்கவா?" என்றார் மாமியார். "நல்லா இருக்கு, ஒனக்க பக்தி. இது என்ன முத்தாரம்மன் கோயிலா?"

அது அந்த வீட்டின் பழைய சட்டம். ஜெபம் முடிந்து மூடிய புத்தகத்தை விளையாட்டுக்காகத் திறக்கக்கூடாது. மிசியம்மாள் காலத்திலிருந்து அப்படித்தான். சந்தேகம் வந்தால் நடுவர் சொல்வதுதான் முடிவு. அத்தான் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழு. எட்டு. அக்காள் வேறு பெயர் தேடவில்லை. "லெப்பேயு" என்று மறுபடியும் சொன்னாள். ஒன்பதிலும் அதையே சொன்னாள்.

பத்து.

"லோவிசாள் உண்டும்லா" என்றார் மாமியார், பாயிலிருந்து கையூன்றி எழுந்துகொண்டே. "தீமோத்தேயுவுக்க அப்பச்சியப் பெத்தவளோ அம்மையப் பெத்தவளோ. அதக்கூட அறியல்ல." எழுந்து நின்றவர் தொட்டிலைப் பார்த்தார். "அந்தப் பேரையே போடுவோம். விளிக்கியப்ப எல்லாம் ஒனக்கு ஓர்மை வரட்டு, எங்க தோத்தேண்ணு."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்பிடாது என்று அவர்தானே விதித்திருந்தார். அக்காள் எழுந்து போய்க் கிழங்கை வடித்து எங்களுக்கு விளம்பினாள். தன் தட்டில் மீன் துண்டு இல்லாமல் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டாள். அன்று முதலில் விழுந்தது அவள் இல்லை. ஆனாலும் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலம் நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் காலை இழுத்து இழுத்து வந்தார். வாளியை இறக்கிவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பத்தாவது பேரு. அல்பேயுவுக்க மகன் யாக்கோபுக்கு அடுத்தது. நான் பிள்ளையளுக்கு வருஷாவருஷம் சொல்லிக் குடுக்கியேன்."

நான் வாய் கொப்பளித்துத் துப்பினேன்.

"அம்மை தோத்தா இந்த வீட்டுல ஒருத்தரும் ஒறங்க முடியாது. ஒனக்குத் தெரியாதா? நீயும் தெரிஞ்சுதான் பறஞ்ச." வாளியை மேலே இழுத்தார். "கடிதாசு எழுதி முடிச்சாச்சு. திங்களாழ்ச்ச வரைக்கும் நிக்காண்டாம். இண்ணைக்கே கொண்டுபோ."

கோயிலில் போதகர், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். அத்தான் சொன்னார். அக்காள் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் பிள்ளை அலறியது. வெளியே வந்ததும் அத்தானின் தங்கச்சி பிள்ளையை வாங்கி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்காள் என் பக்கத்தில் வந்தாள். ஏதாவது திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வாய் இருந்திருக்கும்.

"எப்போ போறே?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பத்தான்."

தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் நாலு மாசம் இருந்தேன். மருந்து வாசனை பிடிக்கவில்லை, கம்பவுண்டரின் அதட்டலும் பிடிக்கவில்லை. ஒரு நாள் கிளம்பிவிட்டேன். பிறகு செங்கோட்டை, பிறகு தூத்துக்குடி உப்பளம், பிறகு ரயில் ரோட்டு வேலை. ஒரு பெயரை விற்று வாங்கிய வேலையை நாலு மாசத்தில் விட்டேன் என்று நினைத்து நான் வருந்தவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையில் அப்போது வருந்தவில்லை. அடுத்த வேளைச் சோற்றைப் பற்றித்தான் நினைத்தேன்.

ஆறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் இறந்திருந்தார். தங்கச்சிக்குக் கல்யாணமாகிவிட்டது. அத்தான் பள்ளிக்கூடத்தில் இருந்தார். முற்றத்தில் ஒரு சின்னப் பெண் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. முகம் எங்கள் அம்மையின் முகம். அதே அகன்ற நெற்றி, அதே கொஞ்சம் தூக்கிய பல். பெயர் இல்லாவிட்டாலும் அம்மை வந்துதான் இருந்தாள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். "வந்தியா" என்றாள். கை கழுவ வெள்ளம் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். கிழங்கு வேகும் மணம் வந்தது. வயிற்றுக்கு நல்லது நடக்கப்போகிறது என்று உட்கார்ந்தேன்.

சின்னப் பெண் கொட்டைகளை விட்டுவிட்டு என்னிடம் வந்தது.

"நீங்க மாமாவா?"

"ஆமா."

"அம்மை என்னப் பேரு சொல்லி விளிக்கவே மாட்டா. அக்காளுக்க பேரச் சொல்லுவா. எனக்க பேரச் சொல்ல மாட்டா. பிள்ளேண்ணு மட்டும் விளிப்பா. எனக்க பேரு நல்லா இல்லியா மாமா?"

"நல்ல பேருதானே" என்றேன்.

"அப்பம் நீங்க விளிங்க, பாப்போம். ஒறக்க விளிங்க."

பிள்ளை கேட்கிறது. மறுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. "லோவிசா!" என்று உரக்கக் கூப்பிட்டேன். அது துள்ளிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. "இன்னும் ஒருக்க!" என்றது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன்.

அடுப்படியில் அகப்பையின் சத்தம் நின்றது. நான் வெகுநேரம் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். கடைசியில் தட்டைக் கொண்டுவந்து வைத்தது மூத்த பெண். அதில் கிழங்கும் குழம்பும் மட்டும் இருந்தன, மீன் துண்டு இல்லை. அம்மை எங்கே என்று கேட்டேன். பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள், உங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் என்றது. சாப்பிட்டேன். பசி. பிறகு போனேன்.